முள்ளென்று வெட்டிய வேலி

ஆவணி 9, திங்கள்

வெயில்தான், ஆனால் உறைக்கவில்லை. கமுதி வெயிலுக்கு இது பேரப்பிள்ளை. நேற்று வந்து இறங்கியது. கூடப் படித்த முருகேசனுடைய மாமனார் பண்ணை. பாரிசிலிருந்து ரயிலில் பாதி நாள். மாடு ஒவ்வொன்றும் மினிபஸ் அகலம். "ஹோ" என்றால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

முருகேசன் பெண்சாதி கிளேர், அவன் சொல்லிக்கொடுத்த அரைத் தமிழில், "அண்ணே, சாப்புது" என்றது. நல்ல பிள்ளை. சாப்பாட்டில் காரம் அறவே இல்லை. கொண்டுவந்த முண்டு மிளகாய் வத்தலைக் கடித்துக்கொண்டேன்.

மாமனார் பியேர் எந்த வேலையையும் தொட விடவில்லை. தோளை அமுக்கி நாற்காலியில் உட்காரவைத்தார். நான் என்ன சம்பந்தி விருந்துக்கா வந்திருக்கிறேன்.

ஆவணி 10, செவ்வாய்

எல்லோரும் டவுனுக்குப் போன நேரம். மேய்ச்சல் ஓரமாக நீளத்துக்கும் முள். கருத்த முள், நீலக் காய். பார்த்ததும் கை அரித்தது. சீமைக்கருவேலம் பிடுங்கியே பாதி ஆயுசைத் தீர்த்தவன். கொட்டகையில் அரிவாள் மாதிரி ஒன்று கிடந்தது. அவர்கள் வருவதற்குள் நூறு அடி சுத்தம். (முருகேசன் முப்பது என்கிறான். நூறு என்றே இருக்கட்டும்.)

பியேர் காரை விட்டு இறங்கினார். பார்த்தார். உள்ளே போய்விட்டார். முருகேசன்தான் ஓடி வந்தான்.

"ஏலே சண்முகம், என்ன செஞ்சு வச்சிருக்க? அது வேலிலே. அவரு அய்யா வச்ச வேலி."

"வேலிக்குக் கிளுவை வைப்பாக. முள்ள எவன்லே நட்டு வளப்பான்?"

"இங்கன வளப்பாக. இப்ப மாடு பூரா ரோட்டுக்குப் போகும்."

மாட்டைக் கொட்டகையில் அடைத்தாயிற்று. 

ஆவணி 11, புதன்

மேகம். முருகேசன் மூஞ்சியும் அப்படியே.

"சனிக்கிழமை ரயிலுக்கு உன்னய ஏத்திவிடச் சொல்லிட்டாரு."

கமுதி டீக்கடையில் ஒரு மாதம் பிரான்ஸ் என்று சொல்லிவிட்டு வந்தவன். வாரத்தில் திரும்பினால் பொங்கல் வரைக்கும் சிரிப்பான்கள்.

"மன்னிப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுலே. மிச்சத்த நான் பிரெஞ்சுல பாத்துக்கிறேன்."

"வேலி கேட்டா வேலி தாரேன். மன்னிப்பெல்லாம் நம்மகிட்ட ஸ்டாக் இல்ல."

ராத்திரி தூக்கமில்லை. அந்தக் கிழவரும் கொட்டகையில் மாட்டோடு பேசிக்கொண்டிருந்தார்.

ஆவணி 12, வியாழன்

தூறல். விடிந்ததிலிருந்து வேலி அடைப்பு. கட்டைகள், ஒரு கவைக்கம்பு, வெட்டிப்போட்ட அதே முள். அடித்தூர் ரோட்டுப் பக்கம், நுனி மாட்டுப் பக்கம், கவையால் அமுக்கி, மேலே இன்னொரு வரிசை. ஊர்ப்பக்கம் அபிராமத்தில் ஆட்டுப்பட்டி அடைத்த கை. ஊசி போக இடம் விடவில்லை.

கிளேர் கையுறை கொண்டுவந்தது. வேண்டாம் என்றேன். கை இப்போது சல்லடை. அதை யாரிடமும் காட்டவில்லை.

மத்தியானம் பியேர் வந்து பூட்ஸ் காலால் ஒரு உதை விட்டார். வேலி அசையவில்லை. மாட்டை அவிழ்த்துவிட்டார். பெரிய மாடு நேரே வந்து மூஞ்சியால் முட்டியது. முள் ஏறியது. பின்வாங்கி என்னை ஒரு பார்வை. பியேர் குனிந்து, நான் வெட்டிய தூர்களைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு முருகேசனிடம் ஏதோ சொன்னார்.

"ரயில் வேண்டாம்கிறாரு. வேர் சாகலையாம். ஆனா தளிர் வந்து மூடுற வரைக்கும் இந்த வேலி உன் பொறுப்பாம்."

"தளிர் எப்பலே வரும்?"

"பங்குனில."

விசா புரட்டாசியோடு முடிகிறது. அதை அவரிடம் சொல்லவேண்டாம் என்று முருகேசனுக்குக் கண்ணைக் காட்டினேன்.

"சரின்னு சொல்லு. மாட்டத் திருப்புறது மட்டும் என் பாஷைலதான்னு சொல்லிரு."

ஆவணி 13, வெள்ளி

வெயில். டீக்கடைக்குப் போனில் தகவல்: பண்ணையை என்னிடம் ஒப்படைத்துவிட்டார்கள். பொய்யில்லை, வேலி அளவுக்கு.

பெரிய மாடு "ஹோ"வுக்கு நின்றது. மற்றதெல்லாம் இன்னும் பிரெஞ்சுதான்.