இரண்டாம் கீப்பருக்காக இருபத்து மூன்று கடிதங்கள்

பிப்ரவரி 3

பெஞ்சைக் கட்டிக் காக்கும் என் பெருமைமிகு அண்ணனுக்கு,

உன் வால் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. உட்கார்ந்தே இருப்பவனுக்கு என்ன கேடு வந்துவிடும்? உங்கள் கிளப் விடுதியில் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பத்து நிமிஷம் தருகிறார்கள். அதில் ஒன்பதரை நிமிஷத்தை அம்மா "சாப்பிட்டியா" என்று கேட்டே தீர்த்துவிடுகிறாள். மிச்ச அரை நிமிஷத்தில் நம் டீமின் தலையெழுத்தைப் பேச முடியுமா? அதனால்தான் இந்தக் கடிதம்.

சனிக்கிழமை ஆட்டத்தைப் பஞ்சர் கடை டிவியில் பார்த்தேன். மூன்றுக்குப் பூஜ்யம். அதைத் தோல்வி என்று சொல்லாதே, தர்மம் என்று சொல். கேட்டவனுக்கெல்லாம் வாரி வழங்கினார்கள். உங்கள் முதல் கீப்பர் கொக்கு இருக்கிறாரே (ஆறடி மூன்று அங்குலத்துக்கு வேறென்ன பெயர் வைப்பேன்?), அவர் முதல் கோலுக்குக் குனிந்து நிமிர்வதற்குள் இரண்டாவது உள்ளே போய்விட்டது.

பஞ்சர் கடைக்காரர் ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக்கொண்டே, "லெஃப்ட் விங்கை வித்துட்டு ரெண்டு டிஃபெண்டரை வாங்கணும். ஓட்டை பின்னாடி இருக்கு, முன்னாடி காத்தடிச்சு என்ன பிரயோஜனம்?" என்றார்.

"விக்கிறதுன்னா முதல்ல மேனேஜரை வில்லுங்க" என்றார் கண்டக்டர். "ஜெயிச்சே ஆகணும்ங்கிற ஆட்டத்துல ஒத்த ஸ்ட்ரைக்கரை இறக்குறான். அவனும் தனியா நின்னு வெய்யில் காயுறான்."

"மேனேஜரை யாருய்யா வாங்குவா?"

"எடைக்குப் போடு."

நான் சும்மா இருப்பேனா? "கீப்பரை மாத்துங்க. எங்க அண்ணனைப் போடச் சொல்லுங்க" என்றேன். பிறகு கண்டக்டர், "உங்க அண்ணன் இன்னும் அந்த டீம்லயா இருக்கான்?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு நாலு விட்டிருப்பேன். நிஜமாகவே தெரியாமல் கேட்டார். அதுதான் எரிந்தது.

மூன்று வருஷம் அண்ணா. ஒரு ஆட்டம்கூட இல்லை. உனக்கு ரோஷமே வராதா?

மற்றபடி என் தொழில் அமோகம். இந்த மாதம் வகுப்பில் பதினொரு பேருக்கு லீவு லெட்டர் எழுதிக் கொடுத்தேன். இப்போது ஏழு விதமான கையெழுத்து வருகிறது. அப்பாக்களுக்குச் சாய்வு, அம்மாக்களுக்கு உருண்டை. ஒரே நாளில் மூன்று பேருக்கு அம்மை போட வைத்ததுதான் கொஞ்சம் அதிகப்படி.

இப்படிக்கு,
வெட்டினாலும் வளரும்
உன் வால்


பிப்ரவரி 11

அடி வாலு,

கடிதம் கிடைத்தது. சிரித்ததில் பக்கத்துக் கட்டில்காரன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். ஆனால் பெரியவரைக் கொக்கு என்று சொல்லாதே. எனக்கு ஒரு அண்ணன் இருந்திருந்தால் அவரைப் போலத்தான் இருந்திருப்பார். இரண்டாவது கோலில் அவர்மேல் தப்பே இல்லை. கார்னரில் லெஃப்ட் பேக் தன் ஆளை விட்டுவிட்டு ஷூ கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கண்டக்டரிடம் சொல், மேனேஜர் ஒற்றை ஸ்ட்ரைக்கரோடு இறங்குவது ஆசைப்பட்டு அல்ல. எங்களிடம் இருப்பதே ஒன்றரை ஸ்ட்ரைக்கர். அந்த அரைக்கு முழங்கால் சரியில்லை.

என்னைப் பற்றிக் கடையில் பேசாதே, சொல்லிவிட்டேன். பெஞ்சில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அடுத்த சீசனிலிருந்து சின்னப் பையன்களுக்குக் கீப்பிங் கற்றுக்கொடுக்க என்னையே வைத்துக்கொள்வதாக மேனேஜர் வாக்குக் கொடுத்திருக்கிறார். நிரந்தர வேலை. ஏப்ரல் கடைசிவரை இப்படியே சத்தமில்லாமல் ஓடினால் போதும். உன் ரோஷத்தை மடித்து பீரோவில் வை.

லீவு லெட்டர் வியாபாரத்தை நிறுத்து. அம்மா ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, உனக்காக ஹெச்.எம். முன்னாலும் நிற்க வேண்டுமா?

அண்ணன்


(என் நோட்டில் வைத்துக்கொண்ட நகல். கடிதம் எண் 14. கையெழுத்து: முதுமை நடுக்கம். நீல மை. 13-ஆம் எண் தையல்காரிக்குக் கறுப்பு மை என்பதால் மாற்றியாயிற்று.)

பிப்ரவரி 17

மதிப்பிற்குரிய மேனேஜர் ஐயா,

நான் ஓய்வுபெற்ற தபால்காரன். முப்பத்தாறு வருஷம் ஊரார் வாசலில் நின்றவன். கதவு திறக்குமா என்று காத்திருப்பவனின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உங்கள் பெஞ்சின் ஓரத்தில் இருக்கும் இரண்டாம் கீப்பருக்கு அதே முகம். ஆட்டம் முடியும்வரை அந்தப் பிள்ளை கையுறையைக் கழற்றுவதே இல்லை. கவனித்திருக்கிறீர்களா? கவனித்திருந்தால் இப்படி உட்கார வைத்திருக்க மாட்டீர்கள்.

முதல் கீப்பரை நல்ல விலைக்கு மாற்றிக்கொண்டு இந்தப் பிள்ளைக்கு ஒரு ஆட்டம் கொடுங்கள். ஊரே கேட்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
பஞ்சர் கடை மாடி


மார்ச் 14, திங்கள்

வாலு,

பெரியவரை விற்றுவிட்டார்கள். ஒரு ஸ்ட்ரைக்கரும் ஒரு லெஃப்ட் பேக்கும் வாங்கிக்கொண்டு அவரைக் கொடுத்துவிட்டார்கள். காலை ஏழு மணிக்குச் சொன்னார்கள். பத்து மணிக்குப் பையோடு வாசலில் நின்றார். என் தோளைத் தொட்டு, "பாத்துக்கடா" என்றார். அவ்வளவுதான்.

காரணம் என்ன தெரியுமா? கடிதங்கள். மூன்று வாரத்தில் இருபத்து மூன்று, அத்தனையும் நம் ஊரிலிருந்து. என்னை ஆட வைக்கச் சொல்லி! தையல்காரி, மருந்துக் கடைக்காரர், இரட்டைப் பிள்ளைகளின் அம்மா, யார் யாரோ. கிளப் தலைவர் அவற்றை நிர்வாகக் குழுக் கூட்டத்தில் உரக்க வாசித்து, "சனங்க கேக்குறாங்க, நீங்க என்ன பண்ணிட்டிருக்கீங்க?" என்று மேனேஜரைப் பிடித்துக்கொண்டாராம். ஏற்கெனவே ஆறு தோல்வி, அவர் கழுத்தில் கத்தி. கடிதக் கட்டை என் கையில் திணித்து, "எனக்கு வர்றதெல்லாம் வசவு. உனக்கு மட்டும் எப்படிய்யா இப்படி?" என்றார்.

இப்போது சொல்வது உனக்கு மட்டும். அம்மாவுக்குத் தெரியக் கூடாது. போன ஜூலையில் பயிற்சியில் என் வலது தோள் கழன்றது. செப்டம்பரில் மறுபடியும். வெளியே ஒரு டாக்டரிடம் காட்டினேன். "இன்னொரு தடவை ஆச்சுன்னா கையைத் தலைக்கு மேல தூக்குறதை மறந்துடு தம்பி" என்றார். கிளப்பில் சொல்லவில்லை. சொன்னால் பயிற்சியாளர் வேலையும் போய்விடும். பெரியவருக்கு மட்டும் தெரியும். ஜனவரியில் நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலோடு அவர் ஆடியது எதற்கு என்கிறாய்? அவர் படுத்தால் நான் இறங்க வேண்டுமே.

சனிக்கிழமை நான்தான் கீப்பர். காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்றாவதாக ஒரு பொடியன் இருக்கிறான், அவன் ஆடியிருப்பான். பிறகு கட்டைப் பிரித்தேன். அதில் ஒரு தபால்காரர், நான் கையுறையைக் கழற்றுவதே இல்லை என்று எழுதியிருக்கிறார். எனக்கே அது தெரியாது வாலு. மூன்று வருஷமாக யாரோ ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதைப் படித்த பிறகு காய்ச்சல் என்று எப்படிச் சொல்வது?

ஒரே ஒரு ஆட்டம். தாங்கும். பஞ்சர் கடைக்கு மாடி எப்போது கட்டினார்கள்? அவரைப் பார்த்தால் டிவி முன்னால் நல்ல இடமாகப் பிடித்து உட்கார வை.

அண்ணன்


மார்ச் 28

மதிப்பிற்குரிய தபால்காரர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். இடது கையால் எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருப்பதை மன்னிக்க வேண்டும்.

ஆட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். ஐந்து கோல். இரண்டாவது கோலுக்குப் பாய்ந்தபோது தோள் போய்விட்டது. உடனே கையைக் காட்டி வெளியேறியிருக்க வேண்டும். நீங்களும் மற்றவர்களும் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று நின்றுவிட்டேன். ஒற்றைக் கையோடு இன்னும் மூன்று வாங்கினேன். ரெஃபரிதான் கண்டுபிடித்து ஆட்டத்தை நிறுத்தினார்.

பழைய காயத்தை மறைத்ததற்காக ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டார்கள். மேனேஜர் கோபப்படவில்லை. அவரையும் அதே மாலையில் அனுப்பிவிட்டார்கள். எனக்குச் சொல்லியிருந்த வேலையும் இனி இல்லை. கை காது உயரத்துக்குமேல் எழும்பாது என்கிறார்கள்.

கடிதம் எழுதிய எல்லோருக்கும் பதில் போடுகிறேன். முதலில் உங்களுக்கு. நீங்கள் கேட்ட ஆட்டம் இப்படி ஆனதற்கு வருந்துகிறேன். ஆனாலும் கேட்டீர்களே, அதற்கு நன்றி. படுத்திருக்கும்போது உங்கள் கடிதத்தைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

என் அம்மாவும் தங்கையும் உங்கள் தெருவில்தான் இருக்கிறார்கள். தங்கை கொஞ்சம் வாலு. ஏதாவது தொந்தரவு கொடுத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பணிவுடன்,
இரண்டாம் கீப்பர்


ஏப்ரல் 3

அண்ணா,

தபால்காரருக்கு நீ எழுதிய கடிதம் பஞ்சர் கடைக்கு வந்தது. கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு, "எனக்கு ஏதும்மா மாடி? மேல ரெண்டு பழைய டயர்தான் கிடக்கு. உறையில உங்க அண்ணன் பேரு இருக்கே, பாரு" என்று கொடுத்தார். தையல்காரிக்கும் மருந்துக் கடைக்காரருக்கும் நீ எழுதியவை "முகவரியில் ஆள் இல்லை" என்று உனக்கே திரும்பி வரும். அவை வருவதற்கு முன்னால் இது வந்துவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

நான்தான் எழுதினேன். இருபத்து மூன்றையும்.

கண்டக்டர் அன்றைக்கு அப்படிக் கேட்டதால் ஆரம்பித்தேன். விளையாட்டாகத்தான். ஐந்து எழுதி நிறுத்திவிடலாம் என்றிருந்தேன். பிறகு ஒவ்வொருவராக என் தலைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். இரட்டைப் பிள்ளைகளின் அம்மாவுக்கு வீட்டுக்காரரோடு சண்டைகூட வைத்தேன். கையுறையை நிஜமாகவே பார்த்தேன். டிவியில் பெஞ்சை நாலு நொடி காட்டுவார்கள், அதற்காகவே முழு ஆட்டத்தையும் பார்ப்பேன்.

இதற்கு மேலும் இருக்கிறது. உன் தோளைப் பற்றிய கடிதம் வியாழக்கிழமை மதியமே வந்துவிட்டது. ஆட்டம் சனிக்கிழமை. உங்கள் கிளப் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். மேனேஜரே எடுத்து, "யாரும்மா?" என்றார். எனக்குக் கையெழுத்து ஏழு, குரல் ஒன்றுதான். வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை முழுவதும் மறுபடி கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. பயம் பாதிதான் அண்ணா. மீதிப் பாதி, நீ ஆடுவதைப் பார்க்கும் ஆசை.

சனிக்கிழமை டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். உன் முகத்தைக் கிட்டத்தில் காட்டினார்கள். மூன்றாவது கோலுக்குக் கண்டக்டர், "இவனை யாருப்பா போட்டது?" என்று கத்தினார்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

திட்டி எழுது. எவ்வளவு பக்கம் வேண்டுமானாலும் எழுது.

உன் தங்கை


ஏப்ரல் 12

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. திட்ட ஒன்றுமில்லை. தோளை மறைத்தது நான். ஆடினது நான்.

ஒன்று மட்டும் தெரிய வேண்டும். இருபத்து மூன்று பேரில் ஒருவர்கூடவா நிஜமில்லை? ஒருவேளை நீ எழுதுவதைப் பார்த்துவிட்டு வேறு யாராவது, ஒரே ஒருவர், தானாக எழுதியிருக்கலாம் இல்லையா? நன்றாக யோசித்துச் சொல்.

அண்ணன்


மே 1

அண்ணா,

இரண்டு வாரமாக யோசித்தேன். யோசிக்க என்ன இருக்கிறது என்று உனக்கே தெரியும்.

தபால்காரர் நிஜம் என்று சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். அவரை வேறு ஊரில் மகன் வீட்டுக்கு அனுப்பி, அங்கிருந்து உனக்கு ஒரு கடிதம் போட வைக்க எனக்கு அரைமணி நேரம் போதும். நாலு வரி எழுதியும்விட்டேன். நன்றாகத்தான் வந்தது. கிழித்துப் போட்டேன்.

அப்புறம் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போனேன். அண்ணனுக்கு யாராவது ஒரு வரி எழுதுங்கள் என்றேன். கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்னன்னு எழுதுறதும்மா?" என்றார். நல்ல மனுஷர். அவருக்கு நிஜமாகவே ஒன்றும் தோன்றவில்லை. கண்டக்டர் புது கீப்பரைப் பற்றி ஆரம்பித்தார். நல்ல உயரமாம், கைக்கு வந்த பந்து நழுவாதாம், ஆனால் புது மேனேஜர் இன்னமும் ஒற்றை ஸ்ட்ரைக்கரைத்தான் இறக்குகிறாராம். எல்லோரும் அந்தப் பேச்சில் மூழ்கிவிட்டார்கள். தாளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்தத் தாளில்தான் இதை எழுதுகிறேன்.

இல்லை அண்ணா. ஒருவர்கூட இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். புது வேலை கிடைத்திருக்கிறது, கிடங்கில் கணினி முன்னால் உட்கார்ந்து செய்கிற வேலை என்று நீ அம்மாவிடம் சொன்னது கேட்டது. அம்மா போனை என் பக்கம் நீட்டினாள். அதற்குள் நீ வைத்துவிட்டாய்.

புது முகவரியை எனக்குச் சொல்ல வேண்டாம் என்றாயாம். நான் கேட்கவில்லை. இதை மடித்து, உறையில் ஒன்றும் எழுதாமல் அம்மாவிடம் கொடுக்கிறேன். அவள் எழுதும்போது நான் வெளியே போய் நிற்பேன்.

தங்கை