பதினோரு செகண்டுக் குரல்

மட்டாஞ்சேரி
12 ஜூலை 1999

அன்புள்ள அத்திம்பேருக்கு வைத்தீஸ்வரன் நமஸ்காரம் சொல்லி எழுதிக்கொள்வது.

நீங்களும் மஞ்சுவும் மஸ்கட் போய்ச் சேர்ந்ததையும், மீனாக்ஷி அக்கா வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி உங்களுக்கு வீடு கிடைத்ததையும் படித்து நிம்மதியாக இருந்தது. உங்கள் கூடப்பிறந்தவள் கூப்பிடும் தூரத்தில் இருப்பது பெரிய பலம். மூன்று வயசுக் குழந்தையை வைத்துக்கொண்டு ஆபீசுக்கும் போய்க்கொண்டு தனி ஆளாக நீங்கள் என்ன செய்வீர்கள் என்றுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

இங்கே மழை பிய்த்து எடுக்கிறது. நேற்று எர்ணாகுளம் போக போட் ஜெட்டியில் ஒன்றரை மணி நேரம் நின்றேன், போட் வரவில்லை. சாயா குடித்துவிட்டு வீட்டுக்கே திரும்பி வந்தேன். கரண்ட் நினைத்தால் வருகிறது, நினைத்தால் போகிறது. ஜூ டவுன் யூதர் தெருவில் கங்கா அக்கா வேலை பார்த்த மிளகுக் கிடங்கு ஆபீசில் அவள் நாற்காலியில் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாளாம். நான் அந்த வழியாகப் போவதை விட்டுவிட்டேன். சுற்றிக்கொண்டு போனால் பத்து நிமிஷம் கூட ஆகிறது, ஆகட்டும்.

அம்மா எப்படிப் பேசுவாள் என்று மஞ்சு கேட்டதாக எழுதியிருந்தீர்கள். கல்யாண வீடியோவைப் போட்டுக் காட்டினீர்களாம். அதில் எங்கே அக்கா குரல் இருக்கிறது? அந்த வீடியோக்காரன் ஆரம்பம் முதல் கடைசிவரை நாகஸ்வரத்தைப் போட்டு மூடிவைத்திருக்கிறான். கங்காவின் குரல் என்று இந்த உலகத்தில் பதிந்திருப்பது, குரலைப் பதிந்து கீபோர்டில் வாசிக்கும் என் சாம்ப்ளர் மெஷினுக்காக அன்றைக்கு அவள் பாடிய அந்தப் பதினோரு செகண்டுதான். வார்த்தைகூடக் கிடையாது, வெறும் ராகம். கானமேளாக் கச்சேரியில் கோரஸுக்கு ஆள் இல்லையே என்று கெஞ்சி, சமையலறையிலிருந்து கையைத் துடைக்கவிடாமல் கூட்டி வந்து மைக் முன்னால் நிறுத்தினேன். பிறகு எத்தனை உற்சவத்தில் அந்தக் குரலைக் கீபோர்டில் வைத்து வாசித்திருக்கிறேன்! அதைக் கேசட்டில் பதிந்து அனுப்பச் சொல்கிறீர்கள். அனுப்ப வேண்டியது என் கடமை.

ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த மெஷினுக்கு ஞாபகம் என்பதே கிடையாது. கரண்டை அணைத்தால் எல்லாம் போச்சு. ஒவ்வொரு தடவையும் முதலில் சிஸ்டம் பிளாப்பியைப் போட்டு அதை எழுப்ப வேண்டும், அப்புறம்தான் குரல் இருக்கும் பிளாப்பியைப் போட முடியும். ரெண்டு வருஷம் முன்பு நான் சிஸ்டத்தை வெர்ஷன் இரண்டுக்கு மாற்றினேன். அக்காவின் பிளாப்பி வெர்ஷன் ஒன்றில் எழுதியது. புதியது பழையதைத் திறக்க மாட்டேன் என்கிறது. பழைய சிஸ்டம் கிடைத்தால் திறந்துவிடலாம். மெஷினை நான் வாங்கிய சென்னை ஸ்டூடியோவில் தேடச் சொல்லியிருக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவின் வருஷாப்தீகத்துக்கு லீவு கிடைக்குமா என்று எழுதவும். திவசம் செய்துவைக்கும் வாத்தியாரிடம் நான் சொல்லி வைக்கிறேன். குழந்தைக்கு என் முத்தங்கள்.

உங்கள்
வைத்தி


மட்டாஞ்சேரி
9 ஜனவரி 2001

அன்புள்ள அத்திம்பேருக்கு,

நமஸ்காரம். போர்ட் கொச்சி அனூப் இந்த வாரம் மஸ்கட்டுக்குத் திரும்புகிறான். அவன் கையில் நேந்திரங்காய் சிப்ஸ், மஞ்சுவுக்குப் பாவாடை, கூடவே ஒரு கேசட்டும் கொடுத்தனுப்புகிறேன். கேசட்டைத் தனியாகச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

ஆமாம், கடைசியில் திறந்துவிட்டது. ஒன்றரை வருஷமாக ஒவ்வொரு கடிதத்திலும் 'என்ன ஆயிற்று' என்று நீங்கள் கேட்டதும், நான் சென்னை, பம்பாய், சிங்கப்பூர் என்று காரணம் எழுதியதும் எனக்கே அலுத்துப்போயிருந்தது. போன கடிதத்தில் நீங்கள் ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய வெர்ஷனிலிருந்து புதியதற்கு மாற்றும்போது குரல் கொஞ்சம் மெலிந்துவிடும். வயசு குறைந்தது போலக் கேட்கும். மெஷினின் குணம் அது, யாரும் ஒன்றும் செய்ய முடியாது. நீங்கள் கேட்டு, இது என்ன வேறு மாதிரி இருக்கிறதே என்று மனசைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பதினோரு செகண்டு போதாது என்று ஒரு பக்கம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பதிந்திருக்கிறேன். மஞ்சு தூங்குவதற்குள் ரிவைண்டு செய்ய நீங்கள் எழுந்திருக்க வேண்டியதில்லை.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கொஞ்சம் இளைத்துவிட்டேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள், சீசன் அலைச்சல்தான். ஐந்து வயசு முடியப்போகும் குழந்தைக்கு மாமாவின் ஆசீர்வாதம்.

உங்கள்
வைத்தி


மட்டாஞ்சேரி
22 ஆகஸ்டு 2004

மரியாதைக்குரிய அத்திம்பேருக்கு,

இதைப் போனில் சொல்ல நாலு தடவை முயன்றேன். நாலு தடவையும் மஸ்கட்டில் வெயில் எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் கடிதம். தயவுசெய்து மஞ்சு பக்கத்தில் இல்லாதபோது படியுங்கள்.

அந்தக் கேசட்டில் இருப்பது அக்கா இல்லை. எங்கள் கோஷ்டியில் பாடும் பிந்து.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

பழைய வெர்ஷன், புது வெர்ஷன் என்று நான் எழுதியதெல்லாம் புளுகு. வெர்ஷன் இரண்டு பழைய பிளாப்பிகளை அழகாகத் திறக்கும். திறப்பதற்குத்தான் அக்காவின் பிளாப்பி இல்லை. 1997 ஜூனில் நானே என் கையால் அதை அழித்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கொச்சி மழையில் புதுப் பிளாப்பியை நம்ப மாட்டோம். ஈரம் ஏறாமல் பீரோவுக்குள் பல்பு எரியவிட்டு அதில் வைத்தாலும் பூஞ்சை பிடித்துவிடும். மேடையில் சிஸ்டம் பிளாப்பி திறக்கவில்லை என்றால் மெஷின் எழுந்திருக்காது, இரண்டாயிரம் பேர் முன்னால் முழித்துக்கொண்டு நிற்க வேண்டும். தேவராவில் ஒரு தடவை அப்படி நின்று கூச்சலும் வாங்கியிருக்கிறேன். அதனால் சிஸ்டத்தை எழுத எப்போதும் ஒரு தடவைகூடக் காலை வாராத பழைய பிளாப்பியைத்தான் எடுப்போம். என்னிடம் அப்படி ஒன்றுதான் இருந்தது. நாற்பது மேடையில் போட்டும் ஒரு தடவைகூட மக்கர் பண்ணாதது. அக்காவுடையது. அவள் குரலைப் புதுப் பிளாப்பி ஒன்றில் நகல் எடுத்துவிட்டு, இதன்மேல் வெர்ஷன் இரண்டை எழுதினேன். பத்து நாள் கழித்து நகலைப் போட்டால் திறக்கவில்லை. பூஞ்சை.

அன்றைக்கு நான் பதறவே இல்லை, அத்திம்பேர். எதற்குப் பதற வேண்டும்? அக்கா ரெண்டு தெரு தள்ளித்தானே இருந்தாள்! நடந்து போய்ச் சொன்னேன். மஞ்சுவுக்குப் பருப்பு சாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள். சிரித்தாள். "நான் என்ன ஓடியா போறேன்? ஜலதோஷமா இருக்கு, சரியாகட்டும். இன்னொரு வாட்டி பாடித் தரேன், போ" என்றாள்.

ஜலதோஷம் நாலு நாளில் சரியாகியிருக்கும். நான்தான் போய்க் கேட்கவில்லை. ஓணம் சீசன் வந்தது, அப்புறம் உற்சவ சீசன், அப்புறம் மறுபடியும் மழை. பதினான்கு மாசம் இருந்தது என் கையில். வாரத்துக்கு ரெண்டு நாள் அவள் கையால் சாப்பிட்டிருக்கிறேன், மைக்கை எடுத்துக்கொண்டு போகத் தோன்றவில்லை. பிறகு அந்த எலிப்பனிக் காய்ச்சல். எட்டே நாள். ஆஸ்பத்திரியில் உங்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது எனக்கு அந்தப் பிளாப்பி ஞாபகம் வந்தது. சீ, என்ன மனுஷன் நான், இப்போது போய் இதையா நினைப்பது என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பிறகு நீங்கள் எழுதிக் கேட்டபோது உண்மையைச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தப் பழைய பிளாப்பியை எர்ணாகுளத்தில் ஒரு கம்ப்யூட்டர்க் கடையில் கொண்டுபோய்க் கொடுத்து, அடியில் ஏதாவது மிச்சம் இருக்குமா என்று கேட்டேன். மேலே எழுதினால் எழுதினதுதான் என்று சொல்லி என் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். அதே பிளாப்பியைத்தான் இன்றும் ஒவ்வொரு மேடையிலும் முதலில் போடுகிறேன். இன்றுவரை தவறாமல் திறக்கிறது.

பிந்துவை நீங்கள் பார்த்ததில்லை. இங்கே கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்க்கும் ராமர் அண்ணனின் மகள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயசு. விஷயத்தை மறைக்காமல் சொல்லித்தான் கேட்டேன். தாயில்லாக் குழந்தை என்றதும் உடனே ஒத்துக்கொண்டாள். அக்கா எப்படிப் பாடுவாள் என்று கேட்டாள். கடைசியில் ஸ்வரம் கொஞ்சம் இறங்கும், நடுவில் மூச்சு வாங்குவது கேட்கும் என்றேன். அப்படியே பாடினாள். வெர்ஷன் மாறினால் குரல் மெலியும் என்று நான் எழுதினதை நம்பி, 'வித்தியாசம் இருக்கிறது வைத்தி, ஆனால் அவள்தான்' என்று நீங்கள் பதில் எழுதினீர்கள். அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், செப்டம்பர் பதினேழாம் தேதி மஸ்கட்டில் நடக்கும் ஓணம் நிகழ்ச்சிக்கு எங்கள் கோஷ்டி வருகிறது. முன்வரிசையில் டிக்கெட் வாங்கிவிட்டதாகப் போன வாரம் நீங்கள் சொன்னீர்கள். பாடப்போவது பிந்து. மஞ்சு முதல் பாட்டிலேயே கண்டுபிடித்துவிடுவாள். மூன்றரை வருஷமாகத் தினமும் அந்தக் குரலைக் கேட்டுத் தூங்கும் குழந்தைக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பிந்துவுக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. முதல் வெளிநாட்டுப் பயணம், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அவளோ நேற்று ரிகர்சலில் எல்லோரும் போகும்வரை காத்திருந்து என்னிடம் வந்தாள். "சேட்டா, அந்தக் குட்டி என் முகத்தைப் பார்த்துக் கேட்டா நான் எந்தா சொல்றது? அவளோட அச்சன்கிட்ட நீங்க சொல்லணும். இல்லேங்கில் நான் வரலை" என்றாள். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

இது ஒன்று மட்டும் என்றால் வேறு ஆளைப் பாட வைத்து எப்படியாவது சமாளித்திருப்பேன். அவ்வளவு கோழை நான். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனை மஞ்சுவிடம் கொடுத்தீர்களே, அவள் எனக்குப் பாடிக் காட்டினாள். கேசட்டில் இருக்கும் அதே ராகம். கடைசியில் ஸ்வரம் இறங்குகிறது, நடுவில் மூச்சு வாங்குகிறாள். 'அப்படியே கங்கா' என்று மீனாக்ஷி அக்கா பின்னாலிருந்து சொல்வது கேட்டது. 'மாமா, அம்மா மாதிரி இருக்கா?' என்று குழந்தை கேட்டாள். 'அப்படியே இருக்கு கண்ணா' என்று சொன்னேன், அத்திம்பேர். எட்டு வயசுக் குழந்தையிடம் சொன்னேன்.

போனை வைத்துவிட்டு உட்கார்ந்து அக்காவின் நிஜக் குரலை நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. எத்தனை முயன்றாலும் பிந்துவின் குரல்தான் வருகிறது. என்னை 'வைத்தி' என்று கூப்பிடுவது கூடப் பிந்து கூப்பிடுவது மாதிரிக் கேட்கிறது. உங்களையும் குழந்தையையும் ஏமாற்றப் போய் எனக்கிருந்ததையும் தொலைத்துவிட்டேன்.

மன்னியுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. மஞ்சுவிடம் எப்போது சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பதெல்லாம் உங்கள் இஷ்டம். நிகழ்ச்சிக்கு அழைத்து வராவிட்டாலும் எனக்குப் புரியும். பிந்துவின் மேல் மட்டும் கோபப்பட வேண்டாம், அவள் நல்லது என்று நினைத்துத்தான் செய்தாள். மஸ்கட்டில் இறங்கியதும் நான் உங்களுக்குப் போன் செய்ய மாட்டேன். நீங்கள் கூப்பிட்டால் எந்த நேரமானாலும் வருவேன். திட்டுவதற்காகக் கூப்பிட்டாலும் வருவேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எட்டு வருஷம் அவளோடு வாழ்ந்தவர் நீங்கள். உங்கள் காதில் எங்கேயாவது ஒரு மூலையில் அவள் இன்னும் இருந்தால், அந்த ராகத்தை மஞ்சுவுக்கு நீங்களே பாடிக் காட்டுங்கள். உங்களுக்குப் பாட வராது என்று தெரியும். அக்காவே எத்தனை தடவை கேலி செய்திருக்கிறாள். பரவாயில்லை, அத்திம்பேர், பாடுங்கள்.

உங்கள் கால்களில் விழுந்து,
வைத்தீஸ்வரன்