நான்காவது கிளாஸ்

அக்டோபர் 14, செவ்வாய்.

குலசேகரத்தில் பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு நடக்கும் குழுப் பயிற்சிக்கு இன்றும் போனோம். "உங்களுக்கு எந்த வேலை முக்கியமோ, அதுதான் பயிற்சி" என்றாள் தெரபிஸ்ட் ஜெனி. எல்லோருக்கும் சாயா ஊற்றுகிறேன் என்றேன். வீட்டில் என்னை அடுப்படிக்கே விடுவதில்லை.

அவள் சொன்னபடி முழங்கையை மேசையில் ஊன்றி, மனதுக்குள் எண்ணிக்கொண்டே ஊற்றினேன். மூன்று கிளாஸ் நிரம்பியது. நான்காவதில் மேசையெல்லாம் சிந்தியது. யாரும் பதறவில்லை. எதிரே இருந்த ரிட்டயர்டு வாத்தியார் தன் கிளாஸை இன்னும் கிட்டே நகர்த்தி வைத்தார். அதற்குள் என் வீட்டுக்காரர் வாசலிலிருந்து ஓடிவந்து கெட்டிலை வாங்கிவிட்டார்.

"அவளுக்கு ஏலாது மக்கா. கையப் பொள்ளிக்கிடுவா."

"நீங்க வெளிய இரிங்க அங்கிள். ஆன்ட்டி ஊத்தட்டும்" என்றாள் ஜெனி.

அவர் என்னைப் பார்த்தார். நானே ஊற்றுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். குரல் எழும்பவில்லை. இந்த நோயில் குரலும் போகிறது. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மிச்சத்தை அவரே ஊற்றினார்.

பஸ்ஸில் என் கையைப் பிடித்தபடியே வந்தார். "நான் இருக்கும்போ உனக்கு எதுக்குட்டி இந்தப் பாடு?" அன்பாகத்தான் கேட்டார். அன்போடு எப்படிச் சண்டை போடுவது?

இப்போது கட்டிலிலிருந்து கூப்பிடுகிறார். "நீ எழும்பாதே, லைட்டை நான் வந்து அணைக்கேன்."

சுவிட்ச் என் கையெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. எழுந்து வருகிறார்.