ஒரு விரற்கடை நல்ல தண்ணீர்

மார்ச் 3
அக்காவின் நாற்றுப் பண்ணையில் ரோஜா இலைகளின் ஓரம் கருகுகிறது. போர்க்கிணற்றுத் தண்ணீர் லேசாகக் கரிக்கிறதாம். வெள்ளிக்கிழமை போர் வண்டி வருகிறது. எழுபது அடியை நூற்றிருபது ஆக்கப் போகிறாள். அந்த ஒரு போரை நம்பித்தான் பண்ணையே.

"ஆழம் போனா நல்ல தண்ணி கிடைக்குமா? உன் கம்ப்யூட்டரைக் கேட்டுச் சொல்லு."

மண்ணுக்கடியில் கடல் எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது என்று கணக்குப் போடுவதுதானே என் பிழைப்பு. கணினி மாதிரியை ஓட்டினேன். கடலுக்கும் போருக்கும் நடுவே களிமண் தடுப்பு இருக்கிறது, தாராளமாகத் தோண்டலாம் என்றது. சொல்லிவிட்டேன்.

மார்ச் 4
நீர்மட்டம் அளக்க அவள் போரில் நான் தொங்கவிட்ட கருவி சரியில்லை. நீர்மட்டம் தினம் இரண்டு முறை ஏறி இறங்குவதாகக் காட்டுகிறது. கோளாறு என்று வரைபடத்தில் அந்தக் கோட்டை நேராக்கிவிட்டேன்.

மார்ச் 5
குளிக்கும்போது உறைத்தது. இரண்டு முறை!

ஈரத் தலையோடு ஓடிவந்து, கடல் ஏற்ற இறக்க அட்டவணையோடு ஒப்பிட்டேன். கடல் ஏறி மூன்று மணி நேரத்தில் அக்கா போரிலும் தண்ணீர் ஏறுகிறது. ஒன்றரை கிலோமீட்டர் மண்ணுக்குள், யாருக்கும் தெரியாமல், தினமும்... உடம்பே சிலிர்த்துவிட்டது. இதையா நான் கருவிக் கோளாறு என்று அழித்தேன்? எனக்கெல்லாம் யார் வேலை கொடுத்தது?

அப்படியென்றால் தடுப்பே இல்லை. மாதிரியிலிருந்து அதை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். ஐம்பது அடிக்குக் கீழே கடல்.

மார்ச் 6
போர் வண்டி வந்து நிற்கிறது. அக்கா கத்தினாள்: "செவ்வாய்க்கிழமை தோண்டுன்ன, இன்னிக்கு வேணாங்கிற. விளையாடுறியா?"

தப்பு என்னுதுதான் என்றேன். மோட்டாரை வெளியே எடுக்கச் சொல்லி, உப்பு அளக்கும் கருவியை இறக்கினேன். நாற்பது அடி, லேசான உப்பு. நாற்பத்தெட்டு, அதேதான். ஐம்பத்தொன்றில் எண் எகிறியது. கடல்! இத்தனை வருஷம் திரையில் மட்டும் பார்த்த கோடு, என் கயிற்றின் முனையில்.

கடல் மட்டத்துக்கு மேலே ஒன்றேகால் அடி நல்ல தண்ணீர். அது கடலை ஐம்பது அடி ஆழத்துக்கு அமுக்கி வைத்திருக்கிறது. மேலே ஒரு விரற்கடை குறைந்தால், கீழே நாற்பது விரற்கடை கடல் ஏறும்.

"ஒன்னுக்கு நாப்பதா?" என்றாள் அக்கா.

போர்க்காரர் தலையைச் சொறிந்தார். "நல்லவேளைங்க. கடலுக்கே குழாய் போட்டிருப்போம்."

மார்ச் 8
மோட்டாரை இருபத்தைந்து அடிக்கு ஏற்றியாயிற்று. காலை அரை மணி, மாலை அரை மணிதான் ஓடும். கூரை மழைநீரை மண்ணுக்குள் இறக்கக் குழி வெட்டுகிறாள். பாதிச் செடிகளைக் கைவிட வேண்டியதுதான். இதை என்னிடம் அக்கா சொல்லவில்லை, அவள் வீட்டுக்காரர் மாமாதான் சொன்னார்.

ஏப்ரல் 2
அக்கா இன்னும் பேசவில்லை.

நவம்பர் 21
அவளே கூப்பிட்டாள். நல்ல மழையாம், குழி நிரம்பித் தண்ணீர் மண்ணுக்குள் வடிந்ததாம்.

"நானே அளந்தேன்டி. போர்ல தண்ணி ஒரு விரக்கடை ஏறியிருக்கு."

தேதி போட்டுக் குறித்துக்கொண்டேன். அவளே தொடர்ந்தாள்:

"அப்போ கீழ கடல்... நாப்பது இறங்குமா?"

"கொஞ்ச நாளாகும். ஆனா நாப்பதுதான்க்கா."

வாய்விட்டுச் சிரித்தாள். எட்டு மாதத்துக்கு அப்புறம்.