தக்கலையில் வாங்கிய வாட்ச்

அண்ணனுக்கு,



தக்கலையில் ஒரு கடையில், கடலில் முங்குகிறவர்கள் கட்டும் பழைய சாவி வாட்ச் வாங்கினேன். உள்ளே துரு நீக்கி, தண்ணீர் புகாமலிருக்க வாஷர் மாற்றி, ஓட வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"மக்கா, இது உங்க அண்ணனுக்க வாட்சாக்கும். இந்தக் கீறல் எனக்க மீன்கத்தி பட்டதுல்லா! கடலு திருப்பித் தந்துட்டுதே!"

உன் படகு கவிழ்ந்ததிலிருந்து வருடந்தோறும் உன் ஆத்துமாவுக்குப் பூசை வைக்கிறோம். கடைக்கு ஓடிப்போய், வாட்சை விற்றது யாரென்று கேட்டேன்.

"வித்தவரு போன மாசம் வந்தாரு. இடது காது பாதி கிடையாது. இப்ப கொல்லத்துல இருக்காராம்."

உன் காதேதான். விலாசமும் தந்தார்கள்.

மதினிக்கு மறுகல்யாணம். கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்தாயிற்று. நீ உயிரோடிருப்பதை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. நீயே வந்து அவளிடம் சொல்.

உன் தம்பி