மரத்த விரலும் நாற்பது கட்டுத் துணியும்

மார்ச் 4, செவ்வாய்

கீமோ முடிந்து இன்றோடு ஏழு வாரம். தலையில் முளைப்பது முடியா பாசியா என்று தெரியவில்லை. நாத்தனார் தடவிப் பார்த்துவிட்டு வெல்வெட் மாதிரி இருக்கிறது என்றாள். ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிற என்னிடம் வந்து வெல்வெட்டைப் பற்றிப் பேசுகிறாள்.

இவள் என் வீட்டுக்காரரின் தங்கை. அவர் போய் எட்டு வருடம். மார்பில் கட்டி என்றதும் எனக்குத் துணையாக ஒரு மாதம் இருக்க வந்தவள், இப்போது ஒன்பதாவது மாதத்தில் இருக்கிறாள். பிரசவம் ஆனால்தான் கிளம்புவாள் போல.

அவள் நகர்ந்ததும் நானும் தலையைத் தடவிப் பார்த்தேன். வெல்வெட்டும் இல்லை, பாசியும் இல்லை. ஒன்றுமே தெரியவில்லை. விரல் நுனி பத்தும் மரத்துக் கிடக்கிறது. இது இந்த நோட்டைத் தவிர யாருக்கும் தெரியாது.

மார்ச் 11, செவ்வாய்

பரிசோதனை. இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை போக வேண்டும். டாக்டர் வழக்கம்போல விரல் மரத்துப்போகிறதா என்று கேட்டார். கீமோ நடந்தபோதும் ஒவ்வொரு முறையும் கேட்டார், நானும் ஒவ்வொரு முறையும் இல்லை என்றேன். இருபத்தைந்து வருடம் விற்றுப் பிழைத்தவள், என் சரக்கின் ஓட்டையை நானே விரித்துக் காட்டுவேனா? காட்டினால் மருந்தைப் பாதியில் நிறுத்திவிடுவார் என்று பயம். இன்று நிறுத்துவதற்கு மருந்தே இல்லை. இருந்தும் வாய் பழக்கத்தில் இல்லை என்றது. அவரும் எழுதிக்கொண்டார். இவ்வளவு சுலபமாக நம்புகிற மனிதர் ஜவுளிக்கு வந்திருந்தால் ஒரு வாரம் தாங்கமாட்டார்.

நர்ஸ் தன் பங்குக்கு ஒரு பாட்டு. இடது அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருப்பதால் அந்தக் கையில் ஊசி கூடாது, கீறல் கூடாது, சூடு படக் கூடாது. சின்னக் காயம் என்றாலும் ஓடி வர வேண்டுமாம். அதற்குக் கையைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டே கொடுத்திருக்கலாம்.

மார்ச் 13, வியாழன்

குணமானவர்கள் கூட்டம். நாத்தனார் இழுத்துக்கொண்டு போனாள். கண்ணை மூடி ஒரு நதியை நினைக்கச் சொன்னார்கள். நினைத்தேன். மேலே எந்தச் சாயப்பட்டறை தண்ணீரை விடுகிறது என்று தேடிக்கொண்டிருந்தேன், அதற்குள் திறக்கச் சொல்லிவிட்டார்கள்.

மார்ச் 22, சனி

ஒன்பது மாதம் கழித்துக் கொள்முதலுக்கு நானே போனேன். தேன்வாயனின் கிடங்கு. அந்தப் பேரை அவனுக்கு வைத்தது நான்தான்.

என் முறை எல்லோருக்கும் தெரியும். கை துணியைப் பார்க்கும், கண் விற்கிறவன் முகத்தைப் பார்க்கும். குனிந்து துணியைப் பார்த்தால் நமக்குச் சந்தேகம் என்று அவன் கண்டுகொள்வான். ஒரு தடவைகூடக் குனிந்ததில்லை.

இன்றும் குனியவில்லை. விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தேன். காற்றைத் தேய்த்த மாதிரி இருந்தது. அக்கா கை வைத்தால் போதும், துணியைச் சோதிக்க மெஷின் எதற்கு என்று சுற்றி நின்றவர்களிடம் சொன்னான். அதற்குப் பிறகு எப்படிக் குனிவது? அவன் கண் ஒரு நொடி என் தலைத்துணிக்குப் போய்த் திரும்பியது. பரிதாபப்படுகிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

நாற்பது கட்டு. குழந்தை உடுப்புக்கான சுத்தப் பருத்தி.

மார்ச் 24, திங்கள்

நல்ல துணிதான். நல்ல துணியாகத்தான் இருக்க வேண்டும்.

ஏப்ரல் 16, புதன்

குழந்தை உடுப்பு தைத்து விற்கிற அம்மா கடைக்கே வந்துவிட்டாள். என் முதல் வாடிக்கைகளில் ஒருத்தி. பிள்ளைகளுக்குக் கழுத்தில் உரசிச் சிவந்துபோகிறது என்று திருப்பித் தருகிறார்களாம். ஒரு சட்டையை மேசைமேல் வைத்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இது நீங்க கை வெச்சுப் பார்த்து எடுத்ததா?"

துணி மோசம் என்று கத்தியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

அவள் போனதும் ஒரு நூலை உருவிக் கொளுத்தினேன். பருத்தி என்றால் காகிதம்போல எரிந்து சாம்பலாகும். இது உருகிக் கறுத்த மணியாகச் சுருண்டது. பாதிக்குப் பாதி பாலியஸ்டர். பரிதாபமாம்! இவ ஏமாறுவான்னு தேன்வாயன் அளந்திருக்கான், நான் இளிச்சுக்கிட்டு நின்னிருக்கேன்.

ஏப்ரல் 17, வியாழன்

காலையில் காப்பி டம்ளரை நீட்டிய நாத்தனார் என் இடது ஆட்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டாள். நேற்று உருகிய மணி அதில் ஒட்டியிருக்கிறது, அடியில் கொப்புளம். சுடவில்லையா என்றாள். இல்லை என்றேன். சுட்டது என்று சொல்லியிருக்க வேண்டும், வாய் தவறிவிட்டது.

என் வலது கையை நீட்டச் சொல்லி, கண்ணை மூட வைத்தாள். ஊக்கை எடுத்தாள் என்பது மட்டும் தெரியும். எப்போது குத்தப் போகிறாய் என்று கேட்டேன்.

"குத்தி முடிச்சாச்சு அண்ணி. அஞ்சு விரல்லயும்."

பிறகு எத்தனை நாளாக என்று கேட்டாள். ஐந்து மாதம் என்றேன். அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை உடைக்காத குறையாகக் கழுவினாள்.

ஏப்ரல் 19, சனி

ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுதுகிறேன். நேற்று மாலைக்குள் இடது கை முழங்கை வரை சிவந்து வீங்கிவிட்டது. காய்ச்சல் வேறு. வலது கையில் மருந்து ஏறுகிறது. எழுத்து கோணலாகத்தான் வரும்.

டாக்டரிடம் நாத்தனார் எல்லாவற்றையும் போட்டுடைத்தாள். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"அப்பவே சொல்லியிருந்தா அளவைக் குறைச்சிருப்பேன்மா. நிறுத்தணும்னு இல்லையே."

ஆக, பேரத்துக்கு இடம் இருந்திருக்கிறது. பேரம் பேசியே வீடு கட்டியவள், அந்த ஒரு இடத்தில் வாயைத் திறக்கவில்லை. விரல் திரும்புமா? மாதக்கணக்கில் ஆகலாம், முழுசாக வராமலும் போகலாமாம்.

இனிமேல் நான் என்ன சொன்னாலும் தன்னிடமும் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நாத்தனார் அவரிடம் சொன்னாள். என் முன்னாலேயே. எனக்குக் கோபம் வரவில்லை. காய்ச்சல் அதிகம்தான் போல.

மே 5, திங்கள்

குழந்தை உடுப்பு அம்மாவிடம் போய் உள்ளதைச் சொல்லிவிட்டேன். கை மரத்திருந்தது, தெரிந்தும் எடுத்தேன், மிச்சத் துணியை எடுத்துக்கொள்கிறேன்.

அச்சச்சோ என்பாள் என்று நினைத்தேன். "சரி, அடுத்த சரக்கை யாரு பார்ப்பாங்க?" என்றாள். உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இவள்தான் வியாபாரி.

அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்தேன். என் கையை நம்பித்தான் கடையே நிற்கிறது. நாத்தனார் வாசலில் உட்கார்ந்து, திரும்பி வந்த துணியையும் நல்ல துணியையும் மாற்றி மாற்றித் தேய்த்துக்கொண்டிருந்தாள். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியுது அண்ணி, குருடுக்குக்கூடத் தெரியும் என்றாள். எனக்கு உறைக்கட்டும் என்றுதான் சொன்னாள்.

ஜூன் 12, வியாழன்

நேற்று பரிசோதனை. மரப்பு, மூட்டு வலி, தூக்கமின்மை, எரிச்சல் என்று ஒன்று விடாமல் சொன்னேன். டாக்டருக்குப் பக்கம் போதவில்லை. கட்டி எதுவும் இல்லையாம். கைக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார். வலது கட்டைவிரல் மட்டும் லேசாகக் குறுகுறுக்கிறது.

இன்று புதிதாக ஒரு கிடங்கு. துணியை நாத்தனார் பார்த்தாள், முகத்தை நான் பார்த்தேன். சரக்கு எடுக்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் சண்டை. துணி சுத்தம் என்கிறாள் அவள். அந்த ஆளின் முகம் சரியில்லை என்கிறேன் நான். யார் சொன்னது சரி என்று இனி தெரியப்போவதும் இல்லை.

நாளை இன்னொரு கிடங்கு. வண்டியில் முன் சீட்டு தனக்கு வேண்டுமாம். கொள்முதல் செய்கிறவர்தான் முன்னால் உட்கார வேண்டும் என்கிறாள்.

சரி என்றேன்.