இருபத்து மூன்றாம் தளம்

பரேல், மும்பை

சிரஞ்சீவி சௌபாக்கியவதி ஹேமாங்கிக்கு உன் பாபா எழுதுவது. உன் அம்மா இல்லாத வீட்டில் உட்கார்ந்து நலம் என்று எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் உடம்புக்கு ஒன்றுமில்லை, நானும் உன் தம்பி மிலிந்தும் வேளைக்குச் சாப்பிடுகிறோம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தக் குளிரில் எப்படி இருக்கிறீர்கள். பத்தாம் நாள் காரியத்துக்கு வர முடியவில்லையே என்று நீ போனில் அழுதாய். அன்று நடந்ததை மிலிந்த் உனக்குப் பாதிதான் சொல்லியிருப்பான், ஏனென்றால் அவனுக்கே பாதிதான் தெரியும்.

பாண்கங்கா குளத்துப் படியில் பிண்டம் வைத்துவிட்டு எல்லோரும் தள்ளி நின்றோம். மதில்மேல் பத்துப் பன்னிரண்டு காக்கைகள் இருந்தன, ஒன்றும் இறங்கவில்லை, போனவர் மனசில் குறை இருந்தால் காக்கை தொடாது என்பார்களே. ஒரு மணி நேரம் போயிற்று. உன் மாமா தத்தோபா கைகூப்பி, "அக்கா, மிலிந்துக்கு இந்த வருஷமே பொண்ணு பாத்து முடிக்கிறோம், மனசுல வச்சிக்காத, வந்து எடுத்துக்க" என்றார். வரவில்லை. ஹேமாங்கியைக் கண்கலங்காமப் பாத்துக்கறோம் என்றார், அதற்கும் வரவில்லை. வெயில் ஏறிவிட்டது, நிஜக் காக்கைக்குப் பதிலாகப் பிண்டத்தைத் தொடவைக்கப் பட்டர் தர்ப்பையில் காக்கை முடிய ஆரம்பித்துவிட்டார். உன் அம்மா எதற்காக நிற்கிறாள் என்று எனக்கு மட்டும் தெரியும். குளத்துக்குப் பின்னால், மரங்களுக்கு மேலே, நான் அந்த நாளில் சாரம் கட்டிய கட்டடம் தெரிந்துகொண்டிருந்தது. நான் பிண்டத்தருகே குனிந்து, "சோபானோட வீட்டுக்குப் போறேன். அவன் பெண்டாட்டி ஹௌசாபாய்கிட்ட என் வாயாலேயே சொல்றேன்" என்றேன். நான் நிமிர்வதற்குள் காக்கை வந்து கொத்திவிட்டது. என்ன சொன்னீர்கள் என்று எல்லோரும் கேட்டார்கள், நான் வாயைத் திறக்கவில்லை. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

மழை பொய்த்துப் பஞ்சம் வந்த வருஷத்தில் சாத்தாராவிலிருந்து லாரியேறி வந்தவர்களில் நானும் சோபானும் உண்டு. நாலு மாடி ஐந்து மாடியோடு நின்றிருந்த இந்த ஊர் அப்போதுதான் மேலே எழும்ப ஆரம்பித்தது. மலபார் குன்றில் இருபத்தைந்து மாடி போட்டார்கள். கிரேனாவது பெல்ட்டாவது, மூங்கில் சாரமும் தேங்காய்நார்க் கயிறும்தான். கலவைச் சட்டியைப் பெண்கள் கைமாற்றிக் கைமாற்றி ஏற்றுவார்கள். தளம் ஒவ்வொன்றும் போட்டு முடித்ததும் தேங்காய் உடைப்போம். சோபான் துளசி மாலை போட்டவன், வருஷா வருஷம் பண்டரிபுரத்துக்கு நடந்து போகிறவன், சாராய நாற்றம் பட்டாலே எழுந்து போய்விடுவான். இருபத்து மூன்றாம் தளத்தில் அவன் நின்ற சாரத்தின் கயிறு அறுந்தது. பகல் பதினோரு மணி. அந்தக் கயிறு கட்டியவன் நான். நைந்து போயிருக்கிறது என்று மேஸ்திரியிடம் முந்தின நாளே சொன்னேன், இதையே கட்டு என்றான், கட்டினேன். போலீஸ் வருமுன் மேஸ்திரி என்னை மூலைக்கு இழுத்து, "குடிச்சிருந்தான்னு சொல்லு. இல்லன்னா கட்டினது யாருன்னு கேப்பான். கட்டினது உன் கை" என்றான். எனக்கு வயது இருபது. சொன்னேன், கையெழுத்தும் போட்டேன். மறுநாள் காலையில் தேங்காய் உடைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார்கள்.

கல்யாணமான மூன்றாம் வருஷம் உன் அம்மாவிடம் இதைச் சொன்னேன். போய்ச் சொல்லிட்டு வாங்க என்று பல வருஷம் கேட்டாள், பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். நாம் இருந்த பழைய ஒற்றை அறைக் குடியிருப்பை இடித்து அதே இடத்தில் அடுக்குமாடி கட்டி, யாருக்கு எந்த வீடு என்று குலுக்கல் போட்டபோது நமக்கு விழுந்தது இருபத்து மூன்றாம் தளம். நீங்கள் எல்லோரும் பேடா கொடுத்துக் கொண்டாடினீர்கள். நான் சீட்டைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். இங்கே காற்று வீசும்போதெல்லாம் மூங்கிலில் கயிறு முறுகுகிற சத்தம் கேட்கிறதம்மா. இது கான்கிரீட் சுவர், கயிறே கிடையாது என்று எனக்குத் தெரியும்.

காரியம் முடிந்த நாலாம் நாள் சோபானின் ஊருக்குப் போனேன். ஹௌசாபாய் முற்றத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை முறம் நிற்கவில்லை. பிறகு கீழே வைத்துவிட்டு, "மாலை போட்டவன் குடிச்சுச் செத்தான்னு ஊரே சொல்லுச்சு. ஊர் சொன்னா சொல்லட்டும். நானும் நம்பினேனே. ஒரு திவசத்துக்குக்கூட அந்த மனுஷனுக்காக நான் அழுதது இல்ல. ஐம்பத்து மூணு வருஷம் என்னை நம்ப வச்சியே" என்றாள். எழுந்து முந்தானையை உதறினாள். "எங்கிட்ட சொன்னாப் பத்தாது. எந்திரி, கோயில்ல சொல்லு" என்றாள். விட்டல் கோயிலில் பஜனைக்குக் கூடியிருந்தவர்கள் முன் நின்று சொன்னேன். சோபான் இறந்தபோது அவள் வயிற்றிலிருந்த மகன் பாண்டுரங்கன் தூணைப் பிடித்துக்கொண்டு கேட்டான். குடிகாரன் மகனே என்று கூப்பிட்டுத்தான் அவனை வளர்த்தார்களாம்.

போன ஞாயிற்றுக்கிழமை தாயும் மகனும் இங்கே வந்தார்கள், சோபான் விழுந்தது எவ்வளவு உயரம் என்று அவளுக்குப் பார்க்க வேண்டுமாம். மலபார் குன்றுக் கட்டடத்துக் காவலாளிகள் எங்களை உள்ளே விடவில்லை, நம் வீடும் அதே உயரம்தான் என்று கூட்டி வந்தேன். பால்கனியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் கீழே பார்த்தாள். "விழறதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டாள். போட்டுக் கொடுத்த டீயைத் தொடவில்லை. லிஃப்டைத் திறந்தேன், வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் படியில் இறங்கினாள். சுவரைத் தடவிக்கொண்டே, தளத்துக்குத் தளம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல். பின்னாலேயே நானும் இறங்கினேன். கீழே வந்ததும் செருப்பைக் கழற்றித் தரையில் நின்றாள். மகனிடம், "உங்கப்பன் வந்த வழியெல்லாம் வந்தாச்சு, வா போலாம்" என்றாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இதைப் படித்ததும் போன் செய்யாதே, உன் குரலைக் கேட்டால் என்னால் தாங்க முடியாது, எழுது. கோபமானால் கோபத்தையே எழுது. குழந்தைக்குக் காதை மூடிக் குல்லாய் போடு. மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் உனக்கும் விட்டோபா துணையிருக்கட்டும், நீண்ட ஆயுசோடு இருங்கள்.

உன் பாபா,
கேரு ஷேலார்